பகிடிக்காரன் இருக்கிறான், பகிடிக்காரி எங்க?

#1 மழைக்கிளி (வெள்ளவத்தை)

போன ஞாயிற்றுக்கிழமை எங்கட பழைய மாணவர் ஒன்றுகூடல். எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் எண்டு கேக்காதேங்கோ, சொல்ல மாட்டன். நிகழ்ச்சியில ஒரு பத்து நிமிஷப் பகிடி நாடகம். கலியாணத் தரகர் ஒரு வீட்டுக்கு வாறார், அந்த வீட்டுப் பெரியம்மா அவரைப் பிடிச்சு விசாரிக்கிறா. அவ்வளவுதான் கதை. வசனம் முழுக்க நான் எழுதினது. எழுதினது எண்டும் சொல்லேலாது, பாதி என்ர சொந்தப் பெரியம்மாவின்ர வாயில இருந்து அப்படியே களவெடுத்தது.

பெரியம்மாவாய் நான்தான் நடிக்கிறதெண்டு இருந்தது. ரெண்டு கிழமைக்கு முன்னம் குழுவில இருந்து ஒருத்தர் கோல் எடுத்தார். "தங்கச்சி, வசனம் சோக்காய் இருக்கு. ஆனா பொம்பிளைப் பிள்ளை மேடையில நிண்டு பகிடி விட்டா சபை ஒருமாதிரிப் பாக்கும். நீங்கள் வரவேற்புரையைச் செய்யுங்கோவன்."

கடைசியில ஆர் நடிச்சது? எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தன், சாறி கட்டி, பூ வச்சு, நெஞ்சுக்குள்ள ரெண்டு தேங்காய்ச் சிரட்டையும் வச்சு. சாறி என்ர அம்மாவின்ர, வசனம் என்ர, கைதட்டு அவனுக்கு. சபை விழுந்து விழுந்து சிரிச்சது. உண்மையைச் சொன்னால் நானும் சிரிச்சன். ஆனா முக்கியமான வசனத்தில அவன் கண்ணை உருட்டி, இடுப்பை ஆட்டி, கீச்சுக் குரலில கத்தினான் பாருங்கோ, அங்கதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ர பெரியம்மா அப்படிக் கதைக்கிறேல்ல. அவ வெங்காயம் உரிச்சுக்கொண்டு, தலை நிமிராமல், ஏதோ விலை கேக்கிற மாதிரிச் சொல்லுவா. அப்படிச் சொல்லுறதிலதான் பகிடியே இருக்கு.

அண்டைக்கு வீட்ட வந்து யோசிச்சன். ஆக்களைச் சிரிக்க வைக்கிற ஆம்பிளைக்குப் பகிடிக்காரன் எண்டு பேர். பாசமாய்ச் சொல்லுற பேர் அது. அதையே ஒரு பொம்பிளை செய்தால்? வாயாடி. வாய்க்காரி. "சரியான வாய்". கொஞ்சம் வயசு போனால் "அந்த மனிசியோட கதை குடுக்காதை". பகிடிக்காரி எண்டு ஒரு சொல்லு இருக்கோ எண்டு அம்மாவைக் கேட்டன். அவ கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "கேட்டதில்லை, ஏன்?" எண்டா.

உங்களைச் சிரிக்க வச்ச பொம்பிளையள் ஆர் ஆர்? சினிமா, ரேடியோ, மேடை, குசினி, எங்கயெண்டாலும் சரி.

#2 மூன்றாம் மாடி

முதல்ல அந்த முக்கியமான வசனத்தைச் சொல்லுங்கோ. பேந்து விவாதிப்பம்.

#3 மழைக்கிளி

எழுத்தில போட்டால் செத்துப்போகும். பொறுங்கோ.

#4 பழைய ரேடியோ (பம்பலப்பிட்டி)

பிள்ளை, நான் எழுபதுகளில் இலங்கை வானொலிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து வளர்ந்தவன். 'கோமாளிகளின் கும்மாளம்' போகிற நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு சனம் இருக்காது. அது பிறகு 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்கார் என்று ராமதாஸ், உபாலி என்று செல்வசேகரன், அப்புக்குட்டி என்று ராஜகோபால். அந்தப் பாத்திரப் பெயர்கள் அவர்களுக்குப் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டன. ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர், ஒரு யாழ்ப்பாணத்தார் என்று நாட்டையே ஒரு வீட்டுக்குள் அடைத்துச் சிரிக்க வைத்தார்கள். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைத்தது: நாட்டில் பாதிப் பேரின் குரலில் ஒரு கோமாளி எனக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்து வானொலி நாடகங்களில் பெண் குரல்களுக்குப் பஞ்சமே இல்லை. இராஜேஸ்வரி சண்முகம் ஒருவர் போதுமே, குரலாலேயே ஒரு வீட்டைக் கட்டி எழுப்புவார். ஆனால் பெண் குரல் என்றால் அழ வேண்டும், ஏங்க வேண்டும், அல்லது கோமாளியைத் திட்ட வேண்டும்.

சிங்களப் பக்கமும் அப்படித்தான். 'வினோத சமய' கேட்காத சிங்கள வீடு இல்லை. அனெஸ்லி டயஸ், சாமுவேல் ரொட்ரிகோ, பேர்ட்டி குணதிலக. மூன்றும் ஆண்கள்.

சினிமாவுக்கு வந்தால் எனக்கு டி.ஏ.மதுரம். என்.எஸ்.கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் நின்றவர் என்று சொல்லுவார்கள். பக்கத்தில் நின்றவர் இல்லை ஐயா, எதிரில் நின்றவர். கலைவாணர் ஒரு தத்துவத்தை அவிழ்த்து விடுவார், மதுரம் ஒரே கேள்வியில் அதன் காற்றைப் பிடுங்கி விடுவார். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் உள்ளே போனபோது, பிரிவி கவுன்சில் வரைக்கும் போன அந்த வழக்கின் பாரத்தையும் வீட்டின் பாரத்தையும் சுமந்தவரும் மதுரம்தான். 1947இல் கலைவாணர் வெளியே வந்தார். சிரிப்புக்காரியின் மறுபக்கம் அது.

#5 நேர்வழி (தெஹிவளை)

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டுக் கொண்டிருக்கிறீர்கள், நான் மட்டும் கெட்டவனாகி விட்டுப் போகிறேன். மேடையில் பெண்கள் குறைவு என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கலாம்: சராசரியாகப் பார்த்தால் ஆண்கள் கூடச் சிரிக்க வைக்கிறார்கள். நான் சொல்லவில்லை, ஆய்வு சொல்கிறது. 28 ஆய்வுகளை, 5,000க்கு மேற்பட்ட ஆட்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரிப் பெண்ணை விட நகைச்சுவைத் திறன் கூடிய ஆண்கள் 63 வீதம். கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்ற எழுத்தாளர் 2007இல் 'வனிட்டி ஃபெயர்' சஞ்சிகையில் இதையே எழுதி உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார். ஆணுக்குப் பெண்ணைக் கவரப் பகிடி தேவை, பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை, அதனால் பழகவில்லை என்பதுதான் அவருடைய வாதம். கசப்பாக இருக்கலாம், பொய் என்று நிரூபியுங்கள்.

#6 எண்கணக்கு

நேர்வழி அண்ணா, நானும் அந்தக் கட்டுரையை வாசித்தேன். 63 சரி. மிச்சம் 37 எங்கே போனது? நூறு ஆண்களைப் பிடித்தால் 37 பேர் சராசரிப் பெண்ணுக்கும் கீழே. ஒன்றுகூடலில் சிரட்டை வைத்து நடித்தவர் எந்தக் கூட்டம், நீங்கள் எந்தக் கூட்டம் என்று அந்த எண் சொல்லாது. அதை வைத்து யாரையும் வரவேற்புரைக்கு அனுப்பவும் முடியாது.

இரண்டாவது, அந்த ஆய்வுகள் எப்படி அளக்கின்றன? பெரும்பாலும் ஒரு கேலிச்சித்திரத்தைக் கொடுத்து, "இதற்குக் கீழே ஒரு வரி எழுது" என்பார்கள். முன்னால் ஆள் இல்லை, வெங்காயம் இல்லை, தரகர் இல்லை. தெரியாத ஒருவருக்காகத் தனியாக இருந்து எழுதும் ஒற்றை வரி. கிரிக்கெட் ஆட்டக்காரரைக் கரம் பலகையில் சோதிப்பது மாதிரி.

2011இல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நடந்தது. 16 ஆண்களும் 16 பெண்களும் 20 கேலிச்சித்திரங்களுக்கு வரி எழுதினார்கள். எழுதியது யார் என்று சொல்லாமல் புள்ளி போட வைத்தார்கள். ஆண்கள் முன்னுக்கு வந்தார்கள், எவ்வளவால்? 5க்கு 0.11. அந்தச் சொட்டும் பெரும்பாலும் ஆண்களே ஆண்களுக்குப் போட்ட புள்ளி. சுவையான பகுதி இனித்தான். பிறகு ஞாபகத்தைச் சோதித்தபோது, நன்றாகச் சிரிக்க வைத்த வரி என்றால் அது ஒரு ஆண் எழுதியது என்று ஆட்கள் பிழையாக ஞாபகம் வைத்திருந்தார்கள். மழைக்கிளியின் வசனம், அந்தப் பெடியனின் கைதட்டு. இதைத்தான் அவர்கள் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தார்கள்.

ஹிச்சன்ஸுக்கு அதே சஞ்சிகையில் அடுத்த வருடமே ஒரு பெண் பதில் எழுதினார். அது நம் ஊர்வரைக்கும் வந்து சேரவில்லை, ஹிச்சன்ஸ் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறார். அதுவும் ஒரு தரவுதான்.

#7 மூன்றாம் மாடி

நான் 37இல ஒருத்தன் எண்டு மனிசி சொல்லச் சொன்னவ.

#8 சீனிச்சம்பல் (தெமட்டகொடை)

பொம்புளையள் சிரிக்க வைக்க மாட்டாங்கண்டு சொல்றவங்க ஒரு கலியாண ஊட்டுல பொம்புளையளுட ரூமுக்குள்ள ஒரு மணித்தியாலம் ஈக்கணும். ஈக்க ஏலாது, உட மாட்டோம். அதான் பிரச்சினையே.

மருதோண்டி போடுற ராவு. கதவச் சாத்தினா முடிஞ்சி. எங்கட பெரிய ராத்தா ஒராள், அவங்கட மாப்புள ஊட்டுக்குள்ள நுழையிற மாதிரி, செருப்பு தேடுற மாதிரி, ரிமோட் தேடுற மாதிரி நடிச்சுக் காட்டுவாங்க. அந்த மனுசன் எல்லாத்தையும் தேடுவாரு, எல்லாம் அவருட கையிலயே ஈக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நாங்க மருதோண்டிக் கையத் தூக்கிக்கிட்டு, கண்ணத் தொடைக்கவும் ஏலாம, தரையில உருண்டு சிரிப்போம். சட்டுண்டு கதவத் தட்டி ஒரு சின்னப் பொடியன் "மாமா சாப்பாடு கேக்கிறாரு"ண்டு சொல்லுவான். அந்த நிமிசமே ராத்தா முகத்த மாத்திக்கிட்டு, முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு, அடக்கமான பொம்புளையா வெளிய போவாங்க. அந்த முகமாத்தம் ஈக்கே, அதுதான் அண்டைக்கி ராவுல மிச்சம் பெரிய பகிடி.

அந்த மாமாவுக்கு இண்டைக்கி வரைக்கும் தெரியாது, அவர் எங்கட குடும்பத்துல எவ்வளவு பெரிய ஸ்டார்ண்டு.

#9 சாக்பீஸ் (கொட்டாஞ்சேனை)

சீனிச்சம்பல் சொன்ன முகமாற்றத்தை வாசித்துவிட்டு வகுப்பில் பாடம் எடுக்க முடியாமல் போய்விட்டது. பிள்ளைகள் "டீச்சருக்கு என்ன" என்று பார்க்கிறார்கள்.

பெண்ணுக்கு நகைச்சுவை புதிதாக வந்தது என்பவர்கள் புறநானூறு 95ஐ ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன்னுடைய ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஒளவை சொல்கிறார்: இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் அழகாக இருக்கின்றன. அங்கே அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, எப்போதும் கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. அவ்வளவுதான். ஒரு வசைச்சொல் இல்லை, புகழ்வது போலவே இருக்கும். தொண்டைமானுக்கு விளங்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்றுதான் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். மழைக்கிளியின் பெரியம்மா தலை நிமிராமல் சொல்வாராமே, அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

பிற்கால ஒளவை கதை இன்னும் காரம். கம்பர் என்று சொல்லப்படும் ஒரு புலவர் சபையில் அவரை மட்டந்தட்ட நினைத்து, "ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி" என்று விடுகதை போடுகிறார். விடை ஆரைக்கீரை. ஆனால் அந்த "அடி"யில் இருக்கிறது குத்தல். வந்த பதில் எல்லாருக்கும் தெரியும்: "எட்டேகால் லட்சணமே, எமனேறும் பரியே". தமிழ் எண்ணில் எட்டு என்றால் அ, கால் என்றால் வ. அவலட்சணமே என்கிறார். எமன் ஏறும் பரி எருமை. அடுத்து கழுதை, குட்டிச்சுவர், குரங்கு என்று வரிசையாக இறக்கிவிட்டு, முடிக்கும்போது "ஆரையடா சொன்னாயடா". விடையும் வந்துவிட்டது, அடிக்கு இரண்டு அடாவும் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடையில் நிற்கும் பெண்ணைப் பார்த்துக் கீழே இருந்து ஒருவன் குரல் விட்டால் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதற்கு நம்மிடம் பாடநூலே இருக்கிறது. அதை நாங்கள் இலக்கண வினோதமாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

#10 நேர்வழி

ஒளவையாரை இழுத்தால் நான் என்ன சொல்ல. ஆனால் டீச்சர், அவரைக் கிழவியாக்கித்தானே நம்மால் ஏற்றுக்கொள்ள முடிந்தது?

#11 சாக்பீஸ்

தம்பி, இது உங்களிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரியான இடம். இளம்பெண் ஒருத்தி கம்பரைக் குட்டிச்சுவர் என்று சொன்னதாகக் கதை கட்டியிருந்தால் அந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. நரைத்த பிறகுதான் நாக்குக்கு அனுமதி.

#12 கண்டசாலைக்காதலன்

மனோரமா ஆச்சியைப் பற்றி இன்னும் ஒருத்தரும் எழுதவில்லையா? 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரம் படத்துக்கு மேல். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று பெரிய தலைகள் இருக்கிற படத்துக்குள் ஜில் ஜில் ரமாமணி நுழைந்தால் வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. 2015 அக்டோபரில் அவர் போனபோது கொட்டாஞ்சேனைச் சலூனில் முடி வெட்டுகிறவர் கத்தரியை வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டு நின்றார். என்னுடைய தலை பாதியில்.

அவருக்கு முன்னால் 'சபாபதி' (1941) சி.டி.ராஜகாந்தம். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷுடன் சச்சு. 'மைக்கேல் மதன காமராஜ'னில் எஸ்.என்.லட்சுமி, அந்தக் களவெடுக்கும் பாட்டி. கை நீளுவதற்கு முன்னால் கண் போகும் பாருங்கள், கமல் நான்கு வேடத்தில் இருந்தும் எனக்கு அந்தக் கண்தான்.

#13 மழைக்கிளி

ஆச்சி பெரியவ, மறுக்கேல்ல. ஆனா ஒண்டு கேக்கட்டே? எங்கட படங்களில பொம்பிளையை வச்சுச் சிரிக்கிறதுக்கும், பொம்பிளை சிரிக்க வைக்கிறதுக்கும் இடையில ஒரு கோடு இருக்கெல்லோ. நிறம் கறுப்பு, உடம்பு பெருசு, பல்லு முன்னுக்கு, கலியாணம் ஆகேல்ல. இந்த நாலையும் எடுத்துப்போட்டால் முக்கால்வாசி "பெண் நகைச்சுவை" காலி. 'சதி லீலாவதி'யில (1995) கல்பனா எவ்வளவு நல்ல நடிகை, ஆனா அவவின்ர உடம்பில இருந்துதான் கதையே தொடங்குது. கோவை சரளாவைப் பாருங்கோ. அவ வடிவேலுவை அடிக்கிற பகிடியைச் சின்னனில கைதட்டிப் பாத்தன். இப்ப பாத்தால், பொம்பிளை கை நீட்டினால் பகிடி எண்டு ஏன் எழுதினவை? நிஜத்தில அப்படி நடக்காது எண்ட தைரியத்திலதானே.

#14 கொழுந்துக்கூடை (புறக்கோட்டை வேலை, ஊர் அட்டன் பக்கம்)

அக்கா, கோவை சரளாவ விட்டுக் குடுக்க மாட்டேன், சண்டைக்கு வருவேன். அதே 'சதி லீலாவதி'யில அவங்க கமலுக்குப் பொண்டாட்டி. கொங்குத் தமிழ்ல அந்தம்மா வாயத் தெறந்தா கமல் இருக்கிறதே மறந்துரும். அங்க அடியும் இல்ல, உதையும் இல்ல. புருசன் சொல்ற பொய்ய ஒண்ணொண்ணா எடுத்துக் காயப்போடுற வேல. நல்ல வசனம் குடுத்தா என்ன செய்வாங்கன்னு அதுல தெரியுது. மத்த படத்துல குடுக்கல, அது அவங்க குத்தமா?

இன்னொண்ணு. வடிவேலுவ அடிக்கிற காட்சிய எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க பாத்த விதத்த நீங்க பாத்திருக்கணும். ராத்திரி எந்த வீட்டுல யாரு அடி வாங்குவான்னு லயத்துச் செவுத்துக்குத் தெரியும். அந்தப் பொம்பளைங்க டிவி முன்னாடி சிரிச்ச சிரிப்பு வேற சிரிப்பு. எழுதுனவன் என்னத்த நெனச்சு எழுதுனானோ, போய்ச் சேந்த எடத்துல அது வேறயாயிருச்சு.

எங்க அப்பாயி கொழுந்து எடுத்தவங்க. மலையில கங்காணி மேல் தட்டுல நிப்பாரு, பொம்பளைங்க நெரையில கீழ நிப்பாங்க. பாட்டு ஒண்ணு கட்டுவாங்க. ஒருத்தி கங்காணியோட மீசையில தொடங்குவா, அடுத்தவ அவரு தொரைக்கு முன்னாடி எப்புடிக் கூனிக் குறுகுவாருன்னு ஒரு அடி போடுவா, மூணாவது ஆளு கணக்கப்பிள்ளையையும் சேத்துக்கும். அவரு கேட்டா "சாமி பாட்டு"ன்னு சொல்லுவாங்களாம். கையி நிக்காது, கொழுந்து கூடைக்குப் போய்க்கிட்டே இருக்கும். நேர்வழி அண்ணன் சொன்ன ஆய்வுல இந்த நெரைக்கு எத்தன புள்ளி போடுவாங்க?

#15 எண்கணக்கு

கொழுந்துக்கூடையின் பதிவை மூன்று தரம் வாசித்தேன்.

உடம்பைப் பற்றிய பேச்சுக்கு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் பிலிஸ் டில்லர் என்று ஒருவர், 1955இல், 37 வயதில், ஐந்து பிள்ளைகளுக்குத் தாயாக முதல் முறை மேடை ஏறினார். பரட்டைத் தலை, சாக்கு மாதிரி ஒரு கவுன். தன்னையே அவலட்சணம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். உண்மையில் அவருக்கு நல்ல உடல்வாகு. அது தெரிந்தால் சபை சிரிக்காது என்றுதான் சாக்குக்குள் ஒளித்தார். அறுபது வருடம் கழித்து, 2016இல் வெளிவந்த ஒரு நிகழ்ச்சியில், அலி வாங் என்ற மேடை நகைச்சுவையாளர் ஏழு மாத வயிற்றோடு இறுக்கமான சட்டை போட்டு ஒரு மணித்தியாலம் நின்று பேசினார். அந்த வயிற்றைப் பரிகாசப் பொருளாக அல்ல, சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டு. எங்கள் ஊரில் ஏழு மாதத்தில் மேடை ஏறினால் முதலில் கதிரை கொண்டு வருவார்கள், பிறகு மைக்கை வாங்குவார்கள்.

#16 மூன்றாம் மாடி

கதிரை எண்டதும் ஞாபகம் வந்தது. மழைக்கிளி, வசனம்?

#17 மழைக்கிளி

கதிரை எண்டு நீர் சொன்னது தற்செயலோ? பொறும்.

#18 பழைய ரேடியோ

நம் கொழும்பில் பெண் பகிடி விடக்கூடிய ஒரே மரியாதையான இடம் பட்டிமன்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாரதி பாஸ்கர் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து இங்கே எத்தனை அம்மாமார் வயிறு குலுங்கியிருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்திலும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் நம் பெண் பேச்சாளர்கள் எதிரணியைப் பிடித்து உலுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், கையில் ஒரு குறள் இருக்க வேண்டும், தலையில் ஒரு நடுவர் இருக்க வேண்டும். இலக்கியம் என்ற குடையைப் பிடித்தால் பெண் எவ்வளவு சிரிக்க வைத்தாலும் அது "ஆற்றல்". குடையை மடக்கினால் "வாய்".

#19 அந்திமழை (கல்கிசை)

சிங்கள, ஆங்கில மேடைகளில் இப்போது பெண்கள் தனியாக மைக் பிடிக்கிறார்கள். அதன் விலையையும் பார்த்தோம். 2023 மே மாதக் கடைசியில் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்கவில் கைதானார். மேடையில் பேசிய சில வரிகள் பௌத்தர்களின் மனதைப் புண்படுத்தியதாக முறைப்பாடு. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ் வழக்கு, அதாவது உரிமையைக் காக்க வந்த சட்டம். ஜூலையில் மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் மறியலில். அந்த வரிகள் நல்ல பகிடியா என்பது வேறு கேள்வி, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் முகநூலில் அவருடைய வரிகளை விட அவருடைய உடுப்பையும் குடும்பத்தையும் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். ஆணாக இருந்தாலும் கைதாகியிருக்கலாம். உடுப்பைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள்.

#20 மட்டுறுத்துநர்

கருத்து இருக்கட்டும். இதற்குக் கீழே மதம் பற்றிய வாக்குவாதம் தொடங்கினால் இழை பூட்டப்படும். மூன்று பதில்களை ஏற்கெனவே நீக்கியிருக்கிறேன்.

#21 மூன்றாம் மாடி

சரி சரி, என்ர பேர் மூன்றாம் மாடி. இன்னொரு மாடி மேல, சிஐடியின்ர நாலாம் மாடிக்கு, ஏத்திப் போடாதேங்கோ.

#22 நேர்வழி

இரண்டு நாளாக எழுதவில்லை. தோற்று ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, புள்ளிவிபரம் புள்ளிவிபரம்தான், அதில் நான் இறங்கி வரவில்லை.

ஆனால் நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். என் தங்கச்சியும் வந்திருந்தாள். நான் முன்னறையில் அப்பாவோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். குசினியில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எழும்பிப் போய் வாசலில் நின்றேன். நின்றதும் நிறுத்திவிட்டார்கள். "என்ன சிரிப்பு?" என்றேன். "ஒண்டுமில்லை, தேத்தண்ணி வேணுமோ?" என்றார் அம்மா.

நாற்பத்தொரு வயதில் முதல் முறையாகக் கவனிக்கிறேன். அந்தத் தேத்தண்ணியை எத்தனை வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன்!

#23 சீனிச்சம்பல்

நானா, ஒங்களப் பத்தித்தான் சிரிச்சிருப்பாங்க.

#24 நேர்வழி

அது எனக்குத் தெரியும். எந்த விஷயம் என்றுதான் தெரியவில்லை.

#25 எண்கணக்கு

ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடைத்தெருவிலும் பல்கலைக்கழக நடைபாதையிலும் ஆட்கள் சிரித்த 1,200 சந்தர்ப்பங்களைக் குறித்து வைத்தார். பெரும்பாலான சிரிப்பு பகிடிக்குப் பின்னால் வரவே இல்லை, சாதாரணப் பேச்சுக்குப் பின்னால்தான் வந்தது. ஆண் பேசும்போது பெண் கேட்பவர்கள் நிறையச் சிரித்தார்கள், பெண் பேசும்போது ஆண் கேட்பவர்கள் அந்த அளவுக்குச் சிரிக்கவில்லை. நேர்வழி அண்ணா வாசலில் நின்றதும் குசினி ஏன் அமைதியானது என்று அவர் அளக்கவில்லை. அளந்திருந்தால் நல்ல கட்டுரை.

#26 மழைக்கிளி

சரி. புதினம் ஒண்டு. அதே குழு ஆள் திரும்பவும் எடுத்தார். டிசம்பர் மாதம் இன்னொரு நிகழ்ச்சியாம், "அந்தப் பெரியம்மா நாடகத்தை நீட்டி எழுதித் தாங்கோ தங்கச்சி" எண்டார். எழுதித் தாறன், நடிக்கிறதும் நான்தான், வெங்காயம் நானே கொண்டு வாறன் எண்டன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வரவேற்புரை?" எண்டார். அந்தச் சிரட்டைப் பெடியனிட்டக் குடுங்கோ, அவனுக்குச் சபை பழக்கம் எண்டன். யோசிச்சுச் சொல்லுறாராம்.

மூன்றாம் மாடி, உமக்காக வசனம். தரகர் வந்து முன் வாங்கில இருந்து மாப்பிள்ளையின்ர பெருமையளை அளக்கிறார். பெரியம்மா நிலத்தில இருந்து வெங்காயம் உரிக்கிறா.

"மாப்பிள்ளை பதினெட்டு வருஷமாய்க் கனடாவில நிக்கிறார், அம்மா."

"பாவம். இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒரு கதிரை குடுக்கேல்லையோ?"

#27 மூன்றாம் மாடி

100 பஸ்ஸில நிண்டு வாசிச்சன். நானும் நிக்கிறன் எண்டது பேந்துதான் விளங்கினது. பக்கத்தில நிக்கிற ஐயா என்ன எண்டு கேட்டார், காட்டினன். இப்ப அவரும் சிரிக்கிறார்.

#28 சாக்பீஸ்

இதை எழுத்தில் போட்டால் செத்துப்போகும் என்று யார் சொன்னது? ஆனால் கீச்சுக் குரலில் கத்தினால் நிச்சயம் செத்துப்போகும். அந்தப் "பாவம்" எவ்வளவு மெதுவாக வர வேண்டும்!

#29 கொழுந்துக்கூடை

பெரியம்மாவுக்குத் தெரியுமா, அவங்க வசனம் இம்புட்டுப் பேருக்குப் போயிருக்குன்னு?

#30 மழைக்கிளி

இப்பதான் கோல் எடுத்து வாசிச்சுக் காட்டினன், உங்கட பதில்கள் எல்லாம். கன நேரம் கேட்டுக்கொண்டு இருந்தா. பேந்து, "உந்தச் சனத்துக்கு என்ன விசரே? நான் எங்க பகிடி விட்டனான், கேள்விதானே கேட்டனான்" எண்டுபோட்டு போனை வச்சிட்டா.